ஒரு படி கொட்டைக்கு ஒரு மணி நேர ஆட்டம்

பெரம்பலூரில் ஏ.சி. போட்டு, கறுப்புக் கண்ணாடி ஒட்டி, சாய்கிற நாற்காலிகளை அடுக்கி ‘கேமிங்’ கடை திறந்திருக்கும் தம்பிகளே, திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்துச் சால்வை போட்டீர்கள். மைக்கைப் பிடித்து ‘இந்தத் தொழிலின் முன்னோடி’ என்றீர்கள். ஜெயங்கொண்டத்தில் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. ‘பயலுவளக் கெடுத்தவன்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சால்வையைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன்.

அதோடு விட்டீர்களா? வீடியோ கேமிலிருந்து பணம் பண்ணக் கற்றுக்கொண்ட பாடங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்குமாம். எந்த வயர் எங்கே போகும், எந்தத் திரை கண்ணை உறுத்தாது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவனுடைய புத்தி எப்போது வேலை செய்தது, எப்போது செய்யவில்லை என்பது மட்டும்தான். இரண்டாவதுதான் அதிகம் என்பதால் கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் நான் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அப்போது நம் ஊர் பெரம்பலூர் மாவட்டம். பிறகு அரியலூர் என்று பிரிந்தது, சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் கடைப் பலகையில் மாவட்டப் பெயரை மாற்றி எழுதிய பெயிண்டருக்கு மட்டும் நல்ல லாபம். ரிப்பேருக்கு வரும் டி.வி.க்களில் பாதி திரும்பிப் போகாது. கொண்டுவந்தவர்கள் கூலியைக் கேட்டதும் ‘அப்பறம் வரேன்’ என்று போய்விடுவார்கள். சரியாகிவிட்ட டி.வி.க்கள் சும்மா தூங்குகின்றனவே என்று திருச்சியில் ஒரு மொத்த வியாபாரியிடம் மூன்று வீடியோ கேம் பெட்டிகள் வாங்கி வந்து அவற்றில் மாட்டினேன். நடுவில் ஒரு திரைச்சீலை. முன்னால் ரிப்பேர், பின்னால் ஆட்டம். முதலீடே இல்லாத தொழில் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் உடையார்பாளையத்திலிருந்து ரைஸ்மில்காரர் ஒருவர் வந்தார். ‘எம் பொட்டி ஆயிட்டா தம்பி?’ என்றார்.

‘இன்னும் பார்ட்ஸ் வரலீங்க. திருச்சிலேருந்து வரணும்’ என்றேன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

காற்றுக்குத் திரைச்சீலை விலகியது. உள்ளே அவருடைய டி.வி. அதன் தலையில் அவர் ஒட்டியிருந்த முருகன் படம். கீழே நாலு பயல்கள் ஒரு டாங்கியை வைத்துச் செங்கல் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் கோபப்படவில்லை. உள்ளே போய், இடுப்பில் கைவைத்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ‘பார்ட்ஸ் இல்லாமயே கலர் நல்லாத் தெரியிதே’ என்றார். பிறகு வயரைப் பிடுங்கி டி.வி.யைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பயல்கள் அவர் பின்னாலேயே ‘அய்யா, இன்னும் பத்து நிமிசம் இருக்குய்யா’ என்று கெஞ்சிக்கொண்டு போனார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

இது முதல் பாடம். ஆட்டத்தில் வழியில் கிடப்பதெல்லாம் குதிக்கிறவனுக்குச் சொந்தம். நம் பக்கத்தில் வழியில் கிடப்பதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, அவர் பஸ் பிடித்து வருவார். இந்தப் பாடத்தை நான் எவ்வளவு நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன் என்பது போகப்போகத் தெரியும்.

அதற்குப் பிறகு பழைய டி.வி.க்களை விலைகொடுத்தே வாங்கி, ரிப்பேரை விட்டு, முழுநேர கேம் கடைக்காரன் ஆனேன். கல்யாணமும் ஆனது. மலர்க்கொடிக்கு மீன்சுருட்டி. அவள் அப்பாவுக்கு அங்கே முந்திரித் தோப்பு, அதோடு கொட்டை வியாபாரம். சுற்றுவட்டாரக் கொட்டையை வாங்கிக் களத்தில் காயவைத்துப் பண்ருட்டிக்கு லாரி ஏற்றுவார். பெண் கேட்டுப் போனபோது டி.வி. மெக்கானிக் என்றுதான் சொல்லியிருந்தேன். பெண் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது மாப்பிள்ளை கேம் கடை வைத்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டு தை மாதம் எனக்கு மகள் பிறந்தாள். தொட்டில் போட்ட அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

‘மாப்ள, அரியலூர்ல சிமெண்டு கான்ட்ராக்டர் ஆபீசுல நமக்கு வேண்டியவரு இருக்காரு. உக்காந்து பாக்குற வேல. வைகாசி பொறக்குறதுக்குள்ள சேந்துடுங்க. சேந்தீங்கன்னா நானே கார் வச்சிப் பொண்ணையும் புள்ளையையும் கொண்டாந்து வுடுறேன். அந்தச் சூதாட்டக் கடையத்தான் நடத்துவேன்னா, ரெண்டு பேரும் இங்கியே இருக்கட்டும்.’

‘சூதாட்டம் இல்லீங்க மாமா, அது வந்து…’

‘காசு குடுத்து ஆடுறானுவ. எந்திரிக்கிறப்ப காசு இல்ல. அதுக்கு வேற என்னா பேரு?’

எனக்கு வேறு பேர் தெரியவில்லை. மலர்க்கொடியைப் பார்த்தேன். அவள் பிள்ளை கன்னத்தில் மை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் அப்பா சொல்வதை ஒப்புக்கொள்கிறாள் என்று அப்போது நினைத்தேன். அவளை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் டவுன் பஸ் ஏறி மீன்சுருட்டி போவேன். போகிற நேரமெல்லாம் மகள் தூங்குவாள். தூங்கும் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் சட்டையில் வசம்பு வாசம் அடிக்கும். எனக்கு மலர் வேண்டும், மகள் வேண்டும், கடையும் வேண்டும். கான்ட்ராக்டர் ஆபீஸ் மட்டும் வேண்டாம். வைகாசிக்குள் மாமனார் வாயடைத்துப் போகும் அளவுக்குச் சம்பாதித்துக் காட்டிவிட்டால் மூன்றும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து பணம் பண்ணும் வழியை வீடியோ கேம் திரைகளில் தேட ஆரம்பித்தேன். நீங்கள் கேட்ட பாடங்கள் அப்போது கிடைத்தவைதான்.

திருச்சி மொத்த வியாபாரியைச் சொன்னேன் அல்லவா, இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவர் பெயரை நான் கேட்கவில்லை, அவர் என் பெயரைக் கேட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ‘பத்தாயிரம் ஆட்டம்’ என்று அட்டை ஒட்டிய, கேம் பெட்டியில் செருகுகிற ஒரு கேசட்டை என் கையில் கொடுத்து, ‘தம்பி, இத விக்கிறவன் ஆடிப் பாக்கக் கூடாது. ஆடுனா விக்கிறதுக்கு வாய் வராது’ என்றார். உபதேசத்தைக் கேட்டுக்கொண்டு கடைக்கு வந்து முதல் வேலையாக ஆடிப் பார்த்தேன். ஏழெட்டு ஆட்டம்தான் இருந்தது. அதே ஆட்டம் சட்டை நிறம் மாறி வரும், பெயர் மாறி வரும், நடுக்கட்டத்திலிருந்து ஆரம்பித்து வரும். கொதித்துப்போய் அவருக்குப் போன் செய்தேன்.

‘என்னங்க, பத்தாயிரம்னு போட்டுட்டு ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வருது?’

‘பேரு பத்தாயிரம் இருக்கா இல்லியா? எண்ணிப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க’ என்று வைத்துவிட்டார்.

நான் எண்ணவில்லை. பயல்களும் எண்ணவில்லை. பத்தாயிரம் ஆட்டமாமே என்று வரிசையில் நின்றார்கள். அந்தக் கேசட்தான் கடைக்குச் சோறு போட்டது. பின்னாளில் தேக்குமரத் திட்டம், தங்கக்காசுத் திட்டம், ஆளைச் சேர்த்தால் ஆளுக்கொரு பங்கு என்று கழுத்தில் டை கட்டிய ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள். எனக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இது அதே ஆட்டம், சட்டை நிறம்தான் வேறு. ஊரே பணம் போட்டது, நான் போடவில்லை. என் புத்திசாலித்தனத்தைப் பாராட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் போடுவதற்குப் பணமே இல்லை.

இன்னொரு குரு ஒரு லாரி டிரைவர். சுண்ணாம்புக்கல் லோடு அடிப்பவர். மத்தியானத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து கார் ரேஸ் ஆடுவார். ஆடுவார் என்றா சொன்னேன்? இடிப்பார். வளைவு வந்தால் திருப்பமாட்டார். நேரே போய் மரத்தில் மோதுவார். எதிரில் வண்டி வந்தால் தேடிப்போய் மோதுவார். நானும் தொழில் அக்கறையில் ஒருநாள் ‘அண்ணே, வளைவுல இந்தப் பட்டன அழுத்துங்க, ஜெயிச்சிடலாம்’ என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ‘காலையிலேருந்து வளைவுக்கு வளைவு பயந்து பயந்து திருப்பிட்டு வரேன் தம்பி. இங்கியுந் திருப்பணுமா? இங்க இடிச்சா ஓனர் திட்ட மாட்டான்னுதான் வரேன்.’

நான் விற்றுக்கொண்டிருந்தது வெற்றியை என்று நினைத்திருந்தேன். வாங்குகிறவர்கள் பயமில்லாமல் தோற்கிற சுகத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பிகளே, இந்த ஒன்றை மட்டும் நிஜமாகவே குறித்துக்கொள்ளுங்கள். ஆடத் தெரியாதவனைக் கேலி செய்து ஓட்டிவிடாதீர்கள். அன்று அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பங்குனி முடியப்போகிறது, மாமனார் சொன்ன கெடு நெருங்குகிறது என்பதுதான் மண்டையில் ஓடியது.

சித்திரையில் பள்ளிக்கூடம் விட்டார்கள். பயல்களுக்கு நேரம் நிறைய, கையில் காசு இல்லை. கடை வாசலில் நின்று திரைச்சீலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருவன் ஓடுகிறான், தரையில் கிடப்பதைப் பொறுக்குகிறான், பொறுக்கப் பொறுக்க அவனுக்கு ஆயுசு கூடுகிறது. நம் பக்கத்தில் சித்திரை மாதத்தில் தரையில் என்ன கிடக்கிறது? முந்திரிக்கொட்டை!

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தோப்புக்காரர் பறித்து முடித்த பிறகு தோப்பை ‘விட்டுவிடுவார்’. அதற்கப்புறம் சருகுக்கு அடியில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ‘விடுவதற்கு’ முன்னால் தொட்டால் அது திருட்டு. பொறுக்கிய கொட்டையை ஐஸ்காரரிடம் கொடுத்து ஐஸ் வாங்கித் தின்பது பிள்ளைகளின் வழக்கம். சைக்கிளில் வரும் ஐஸ்காரர் வாங்கும்போது நான் வாங்கினால் என்ன? கடை வாசலில் பலகை மாட்டினேன்: ‘ஒரு படி கொட்டைக்கு ஒரு மணி நேரம்.’

முதல் வாரம் டவுசர் பையில் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் புத்தகப் பையில் வந்தது. அதற்கடுத்து உரச் சாக்கிலேயே வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் சைக்கிளில் டபுள்ஸ் வந்தார்கள். ஒரே ஒரு தடவை, கேட்டு வைப்போமே என்று, ‘எந்தத் தோப்புடா?’ என்றேன். ‘வுட்ட தோப்புதாண்ணே’ என்றார்கள் ஒரே குரலில். அப்போது மரத்தில் பழம் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தத் தோப்பையும் எவரும் விட்டிருக்க முடியாது. கடையில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கத்தான் செய்தது. அதைப் பார்ப்பது என் வேலையில்லை என்று இருந்துவிட்டேன்.

சேர்ந்த கொட்டையை டி.வி. மேஜைகளுக்கு அடியில் சாக்கில் கட்டிவைப்பேன். ஒரு தரகர் வந்து எடுத்துப்போவார். கொட்டை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கமாட்டார். எங்கே போகிறது என்று நான் கேட்கமாட்டேன். அப்படியொரு தொழில் நாகரிகம். விலை கொஞ்சம் குறைவுதான், ஆனால் எனக்கு அசலே இல்லாத சரக்கு என்பதால் கிடைத்ததெல்லாம் லாபம். புதிதாக இரண்டு பெட்டி வாங்கினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டிக்குப் போனேன்.

‘தொழில் நல்லாப் போவுது மாமா’ என்றேன்.

‘எனக்கும் பரவால்ல மாப்ள. நம்ம தோப்புலதான் இந்த வருசம் காய்ப்பே இல்ல. ஆனா வெளிச்சரக்கு மலிவா வருது. ஒரு தரகன் கொண்டாந்து போடுறான். எவனோ ஒரு ஏமாளி கெடச்ச வெலைக்குத் தள்ளி வுடுறான் போலருக்கு.’

அந்த ஏமாளியை நினைத்து நாங்கள் இருவரும் வெகுநேரம் சிரித்தோம். சந்தையில் மற்ற வியாபாரிகளிடமும் இதைச் சொல்லிச் சிரித்ததாக அவர் சொன்னார். மலர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் கடையில் பத்தாயிரம் ஆட்டக் கேசட் காணாமல் போனது. சோறு போட்ட கேசட். வருகிறவன் போகிறவன் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டு நாளில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது நாள் பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் ‘மீன்சுருட்டிலேருந்து போன்’ என்று கூப்பிட்டார். மலர்.

‘ஏங்க, ஒங்க கடையில ஏதாச்சும் காணாமப் போச்சா?’

‘பத்தாயிரம் கேசட்டு. ஒனக்கு எப்படித் தெரியும்?’

‘அது இங்க எங்கப்பா களத்துல கெடந்துது. மூட்டையப் பிரிச்சிக் கொட்டுனோம், கொட்டையோட வந்து வுழுந்துச்சு. அப்பா பாக்குறதுக்குள்ள எடுத்துப் புள்ளத் துணிக்குள்ள சுத்தி வச்சிட்டேன்.’ கொஞ்சம் நிறுத்தினாள். ‘ஒங்க கேசட்டு எப்படி எங்க மூட்டைக்குள்ள வந்துதுன்னு நீங்களே சொல்லுறீங்களா?’

சொன்னேன். மேஜைக்கு அடியில் வாய் திறந்து கிடந்த சாக்குக்குள் கேசட் மேலேயிருந்து விழுந்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன், ஏதோ அதுதான் முக்கியம் என்பது போல.

‘பயலுவ எந்தத் தோப்புல பொறுக்குனானுவ?’

‘தெரியல மலரு.’

‘எனக்குத் தெரியிது. நம்ம தோப்புல காய்ப்பு இல்லன்னாருல்ல, அது திருட்டுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. சின்னத்தம்பி அண்ணந்தான் திருடி விக்கிறாருன்னு அப்பா முடிவு கட்டிட்டாரு. நாளைக்குக் காலையில அவர நிறுத்தப் போறாரு. நீங்க மொத பஸ்ஸுக்கு வாங்க.’ வைத்துவிட்டாள்.

சின்னத்தம்பி மாமனார் தோப்புக் காவலாளி. மலர் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அங்கே இருக்கிறார். தோப்புக்குள் போட்ட கொட்டகைதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் வீடு. காவல் இருந்தவன் திருடினான் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் அந்த வட்டாரத்தில் இன்னொரு தோப்பு அவருக்குக் கிடைக்காது. எனக்கு இதெல்லாம் தெரியும். உண்மையைச் சொன்னால் மாமனார் மலரையும் மகளையும் அனுப்பவே மாட்டார். சொல்லாவிட்டால் சின்னத்தம்பி கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். பஸ்ஸில் போகும்போது எந்தப் பட்டனை அழுத்தலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆட்டத்தில் தப்பான கதவைத் திறந்துவிட்டால் செத்துப்போய் மறுபடி அதே கதவுக்கு முன்னால் வந்து நிற்கலாம். மீன்சுருட்டி ஸ்டாப்பிங்கில் இறங்கி நேரே களத்துக்கு நடந்தேன்.

களத்தில் கொட்டை பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவே மாமனார் நின்றார். ஓரத்தில் சின்னத்தம்பி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘இத்தினி வருசம் சோறு போட்ட எடத்துலயே கைய வச்சிட்டியேடா’ என்று மாமனார் கத்திக்கொண்டிருந்தார்.

‘அய்யா, எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் ஒரு கொட்டை எடுக்கலீங்க. நான் கஞ்சி குடிக்கப் போற நேரத்துல பயலுவ வந்து அள்ளிட்டுப் போறானுவ. தொரத்துனா சைக்கிள்ல பறந்துர்றானுவ. எங்க கொண்டுபோய் என்னா பண்றானுவன்னு எனக்குத் தெரியலீங்க.’

‘பயலுவ மூட்ட மூட்டையா அள்ளி என்னாடா பண்ணுவானுவ? தின்னா வாயி வெந்துபோவும். கத வுடாத. சாயங்காலத்துக்குள்ள கொட்டாயக் காலி பண்ணு.’ அப்போதுதான் என்னைப் பார்த்தார். ‘வாங்க மாப்ள. நீங்களே நாயத்தச் சொல்லுங்க.’

தம்பிகளே, நெருக்கடி நேரத்தில் எடுக்கும் முடிவைப் பற்றி நிறையப் பேர் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். என்னைப் போல் ஒருவர்கூட எடுத்திருக்கமாட்டார். சின்னத்தம்பி என்னைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

‘இன்னிக்கு வெயிலு கொஞ்சம் அதிகம் மாமா’ என்றேன்.

சொன்ன அந்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மலர் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். இடுப்பில் மகள், கையில் கேசட். கேசட்டைக் கொட்டைக் குவியலின் மேல் வைத்தாள்.

‘அப்பா, சின்னத்தம்பி அண்ணன் சொல்றது நெசம். பயலுவதான் அள்ளுறானுவ. அள்ளிட்டுப் போயி இவரு கடையிலதான் குடுக்குறானுவ. இது இவரு கடைக் கேசட்டு. நேத்து நீங்க வாங்குன மூட்டையிலேருந்து வுழுந்துச்சு.’

மாமனாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேசட்டைப் பார்த்தார், கொட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘அப்ப இது…’

‘நம்ம தோப்புக் கொட்டைதாம்பா. ஒங்க கொட்டையத்தான் நீங்க காசு குடுத்து வாங்கியிருக்கீங்க.’

‘அடேய்!’ என்று அவர் கிளப்பிய சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. என் பரம்பரையில் ஒருவரையும் விட்டுவைக்காமல் ஆரம்பித்தார்.

‘அப்பா, மெதுவா’ என்றாள் மலர். ‘ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கும். மலிவாக் கெடச்சுதுன்னு சந்தையெல்லாம் பெருமையாச் சொல்லிட்டு வந்தது நீங்கதான். யாரு கொட்டைன்னு தெரிஞ்சா, அந்த ஏமாளி யாருன்னு கேப்பாங்க.’

மாமனார் வாய் திறந்தபடி நின்றது. மகள் அன்றைக்கு விழித்திருந்தாள், கையை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

‘சின்னத்தம்பி அண்ணன் தோப்புலயே இருக்கட்டும். அவரு வாயத் தொறக்க மாட்டாரு, நானும் தொறக்க மாட்டேன்’ என்று மலர் தொடர்ந்தாள். ‘இவரு நாளைக்கே அந்தப் பலகையக் கழட்டிடுவாரு. நாங்க இன்னிக்கிச் சாயங்காலமே கெளம்புறோம்.’

‘எங்க?’

‘எங்க வூட்டுக்கு.’

‘அந்தச் சூதாட்டக் கடைக்கா?’

‘கொட்டை வியாபாரத்துல பழந்தின்னு கொட்டை போட்டவரு நீங்க. ஒங்க கொட்டைய ஒங்களுக்கே வித்த கடை அது. அதப் போயி ஏம்பா மூடச் சொல்றீங்க?’

திண்டாடிப்போனார் மனிதர். கடைசியில் அடிக்குரலில், ‘அப்ப என் காசு?’ என்றார்.

‘பேத்திய அனுப்பறப்ப கைக்கு வளையல் போடணும்னு சொல்லிட்டு இருந்தீங்களே. போட்டதா நெனச்சிக்கங்க.’

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ‘சின்னத்தம்பி, நீ இன்னும் இங்க என்னாத்துக்குடா நிக்கிற? தோப்ப யாரு பாக்குறது?’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். சின்னத்தம்பி மலரைப் பார்த்துக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. அவர் திரும்பியிருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கினாள். என் மனைவி, என் பிள்ளை, என் கடை, கேட்ட மூன்றும் வந்துவிட்டன. அழுகை வருகிற அளவுக்கு சந்தோஷமாக இருந்தது. கங்கைகொண்ட சோழபுரம் தாண்டும்வரை மலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

‘நான் வரலன்னா நீங்க சொல்லியிருப்பீங்களா?’

‘சொல்லத்தான் வாயத் தொறந்தேன் மலரு.’

‘உள்ளேருந்து கேட்டேன்’ என்றாள். ஜெயங்கொண்டத்தில் இறங்கியதும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள். ‘கல்லாச் சாவியக் குடுங்க.’

கொடுத்தேன். இரண்டாயிரத்தேழில் கடையை மூடும்வரை அவள் அதைத் திருப்பித் தரவில்லை. மேலே எழுதியிருக்கும் பாடங்களெல்லாம் சாவி என்னிடம் இருந்த காலத்தில் நான் கற்றவை. பணம் வந்தது அதற்கப்புறம்தான்.